போன காற்றுக்கும் பெற்றோல்

நொஷாட்டல் நகரை விட்டு நடக்கத் தொடங்கி அரைநாள் ஆகியிருந்தது. வலப்பக்கம் கூடவே வந்த ஏரி முடிந்து, சரிவிலிருந்த திராட்சைத் தோட்டங்களும் முடிந்து, தட்டையான காய்கறி நிலம் வந்துவிட்டது. தோளில் ஒரு பை. முதலாளியோடு சண்டை எதுவும் இல்லை. உணவகத்தில் சட்டி கழுவும் வேலை, மேல்மாடியில் ஓர் அறை. வேலையை விட்டால் அறையையும் விடவேண்டும் என்பது பேச்சு. எந்தச் சட்டி எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடிகிற நாள் வந்தால் எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. அந்த நாள் வந்துவிட்டது. ரயிலில் போயிருக்கலாம். ஆனால் ரயிலில் ஏறுவதற்குப் போகுமிடம் தெரிந்திருக்கவேண்டும்.

நான் சுவிசுக்கு வந்து பத்து வருடம் ஆகியிருந்த கோடை அது. காளான் பண்ணை, விடுதிச் சலவை, ரயில் பெட்டி துப்புரவு என்று பத்து வருடமும் போயிருந்தது. வாய்க்கால் பாலத்தைக் கடந்ததும் தெருப் பலகைகள் பிரெஞ்சிலிருந்து ஜெர்மனுக்கு மாறின. இரண்டு மொழியிலும் ஏச்சு வாங்கவும் மன்னிப்புக் கேட்கவும் எனக்குத் தெரியும்.

அப்போதுதான் அந்த வெள்ளைக் கார் என்னைக் கடந்து போனது. சிறிய கார், அகன்ற சில்லுகள், பின்னால் ஒரு பெரிய புகைக்குழாய். முன்னே இருந்த சுற்றுவட்டத்துக்காக வேகத்தைக் குறைத்தபோது யாரோ பிரஷர் குக்கரின் ஆவியைத் திறந்துவிட்டதுபோல் 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வந்தது. அடுத்த கணம் சுற்றுவட்டத்தின் வாயிலேயே எஞ்சின் அணைந்து நின்றுவிட்டது. பின்னால் வந்த லொறி ஹோர்ன் அடித்தது.

ஓடிப்போய்ப் பின்பக்கத்தில் கையை வைத்தேன். இடப்பக்கக் கண்ணாடிக்குள்ளால் ஒரு பெண்பிள்ளை எட்டிப் பார்த்தாள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். முதியோர் இல்லங்களில் வேலை செய்கிறவர்கள் போடுகிற நீலச் சட்டை. பக்கத்து இருக்கையில் அவளுடைய தாய்.

"தம்பி, தமிழோ?" என்றார் தாய்.

"ஓம் அக்கா."

"பாத்தியோ, பிள்ளையார்தான் ஆளை அனுப்பியிருக்கிறார்."

"அம்மா, முதல்ல அவரைத் தள்ள விடுங்கோ. பிறகு பிள்ளையாரைக் கதைப்பம்."

ஓரத்துக்குத் தள்ளிவிட்டேன். திறப்பைத் திருப்பியதும் ஒன்றும் நடக்காததுபோல் கார் ஸ்டார்ட் ஆனது. எங்கே போகிறேன் என்று கேட்டார்கள். இன்னும் யோசிக்கவில்லை என்றேன். தாய் என் பையைப் பார்த்தார். "சாப்பிட்டனீங்களோ?" என்றார். அதற்கும் என்னிடம் நேரான பதில் இல்லாததால் பின்னிருக்கையில் ஏற்றிக்கொண்டார்கள்.

அவர்களுடைய ஊருக்குப் போய்ச் சேருவதற்குள் கார் இன்னும் இரண்டு தடவை நின்றது. இரண்டு தடவையும் வேகமாகப் போய், அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, நிறுத்தப்போகிற நேரத்தில். கதை வழியிலேயே வந்துவிட்டது. கார் மகளுடைய தம்பியினுடையது. அவன் சுவிஸ் இராணுவத்தில் கட்டாயப் பயிற்சியில் இருக்கிறான். அவன் வரும்வரை இவள் அந்தக் காரை ஓடுகிறாள். வயல்களுக்கு நடுவில் இருக்கிற ஒரு முதியோர் இல்லத்தில் பரீட்சார்த்தமாக வேலைக்கு எடுத்திருக்கிறார்கள். காலை ஏழு மணிக்கு அங்கே நிற்கவேண்டும். அந்த நேரத்துக்குப் பஸ் இல்லை. தாயை மருத்துவமனைத் துப்புரவு வேலைக்கு வான் வந்து அதிகாலையிலேயே ஏற்றிப்போய்விடும். காரை நம்பிப்போய் இரண்டு தடவை பிந்திவிட்டாள். பரீட்சார்த்தக் காலம் அடுத்த நாளோடு முடிகிறது.

"இன்னொருக்காப் பிந்தினா வேலை இல்லை எண்டு அங்க பொறுப்பா இருக்கிற மனுசி சிரிச்சுக்கொண்டு சொன்னது. சிரிச்சுக்கொண்டு சொன்னா உண்மையாச் செய்வினம், அங்கிள்" என்றாள்.

அங்கிள் என்றது சற்று உறைத்தது. எனக்கு முப்பத்தெட்டு.

பள்ளிக்கூடத்தை ஒன்பதாம் வகுப்போடு விட்டவன் நான். வவுனியாவில் ஒரு லொறி கராஜில் சில வருடம் நின்றிருக்கிறேன். லொறி டீசல், இது பெற்றோல். லொறியின் டர்போவைக் கழற்றிக் கழுவியிருக்கிறேன், அவ்வளவுதான். அதை அப்படியே சொன்னேன். "பரவாயில்லை, இதுக்கு முதல் பாத்தவையில ஒருத்தர் பேக்கரிக்காரர்" என்றாள் மகள்.

பார்த்தவர்கள் பலர். ஆரா நகரிலிருந்து ஒரு சித்தப்பா வந்து பிளக்குகளை மாற்றினார். ஓஸ்டர்முண்டிகனில் இருக்கிற ஒருவர் பற்றரி என்றார், அதையும் மாற்றினார்கள். பேக்கரிக்காரர் எஞ்சினுக்குப் பெற்றோல் அனுப்புகிற பம்ப் என்றார். கடைசியாக ஒருவர், எஞ்சினுக்குள் போகிற காற்றை அளக்கிற மானி பழுது என்று புதியது வாங்கிப் போட்டார். ஒவ்வொருவரும் மாற்றிவிட்டு, தெருவில் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, சரி என்று சொல்லி, சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த நாள் நின்றது. தாய் காரைக் கோயிலுக்கும் கொண்டுபோய், நாலு சில்லுக்கும் தேசிக்காய் வைத்து இரண்டாம் தடவை பூசை செய்வித்திருந்தார்.

"எனக்கெண்டா இது ஒருநாளும் நிண்டதில்லைத் தம்பி" என்றார் தாய். "தேசிக்காய் வைச்ச ஆளை அதுக்குத் தெரியும்."

"அம்மா ஓடினா ஏன் நிக்கப்போகுது? சைக்கிள்காரரே ஹோர்ன் அடிச்சு முந்துகினம்."

நானும் சேர்ந்து சிரித்தேன். அவர்களுடைய அடுக்குமாடிக்குக் கீழே இருந்த தரிப்பிடத்தில் காரின் முன்மூடியைத் திறந்து, கண்ணில் பட்ட குழாய்களையெல்லாம் இழுத்துப் பார்த்து, கிளிப்புகளை இறுக்கினேன். மகளைக் கார் ஓடச் சொல்லி ஒரு சுற்றுப் போனோம். முதலாவது சந்தியில் 'புஸ்ஸ்', நின்றது. காற்று வடிகட்டியை எடுத்துத் தூசி தட்டிவிட்டுத் திரும்பப் போனோம். நின்றது. அவள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு சற்று நேரம் இருந்தாள். அவளுக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் வேலைகளை விட்டுவிட்டு வருகிறவன். ஒரு வேலைக்காக அப்படி நெற்றியை வைத்ததில்லை.

வேறு யோசனை வராததால், "அக்கா, நீங்கள் ஒருக்கா ஓடுங்கோ" என்றேன்.

தாய் சேலையைச் சரிசெய்துகொண்டு ஏறினார். உழவு இயந்திரம் ஒன்று எங்களை முந்திப் போனது. சந்தி, சுற்றுவட்டம், ரயில் கடவை எங்கேயும் கார் நிற்கவில்லை. பின்னிருக்கையில் இருந்த நான் சிரிப்பதை நிறுத்தினேன். அந்த ஓட்டம் முழுவதிலும் 'புஸ்ஸ்' சத்தம் ஒரு தடவையும் கேட்கவில்லை.

"அந்தச் சத்தம் எதால வருது?" என்று மகளைக் கேட்டேன்.

"தம்பி வாங்கிப் பூட்டின வால்வு. அந்தச் சத்தத்துக்காகத்தான் பூட்டினவன்."

பயிற்சி முகாமில் அவனுக்கு மாலையில்தான் கைபேசி கையில் கிடைக்கும் என்பதால், கேட்டுப் பார்க்கக் காத்திருந்தோம். தாய் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் தந்தார். வீட்டு வாசலில் மகனுடைய படம் இருந்தது, சீருடையோடு. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தச் சீருடையைத் தான்தான் தோய்த்து, அயன் பெட்டியால் மினுக்குவதாகச் சொன்னார். "முதல் நாள் கையில எடுக்க ஏலாமல் இருந்தது. இப்ப பழகிப்போச்சு" என்றார். சீருடை என்றால் அவருக்கு என்ன ஞாபகம் வரும் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அதே ஞாபகம்தான் வரும்.

மகன் கைபேசியை எடுத்ததும் மகள் ஒலிபெருக்கியில் போட்டாள்.

"டேய், உன்ர வால்வைக் கழட்டப்போறம்."

"ஆர் கழட்டுறது?"

"ஒரு அங்கிள்."

"எத்தினையாவது அங்கிள்? எனக்கு ஒரு பிள்ளை மாதிரி அந்தக் கார். எல்லாரும் ஒப்பரேஷன் செய்யிறியள்."

நான் இடையில் புகுந்து, அந்த வால்வு என்ன செய்கிறது என்று கேட்டேன். பெடியன் தெளிவாகச் சொன்னான். டர்போ காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். காலை எடுத்ததும் எஞ்சினின் வாசல் மூடிவிடும்; அழுத்திய காற்றுக்குப் போக இடம் வேண்டும். "முந்தி இருந்த வால்வு அதைத் திரும்ப உள்ளுக்கு விடும். இது வெளியில விடும். அவ்வளவுதான் வித்தியாசம். சத்தம் மட்டும்தான்."

"உமக்கு நிக்கேல்லையோ?"

"நிக்கிறதுதான். பிரேக் பிடிக்கேக்க மற்றக் காலால அக்சிலரேட்டரைக் கொஞ்சம் அமத்திக்கொண்டிருப்பன்."

"தெரிஞ்சும் ஒரு சொல்லுச் சொல்லேல்லையோடா!" மகள் கைபேசியைப் பார்த்துக் கத்தினாள்.

"சொன்னா கழட்டச் சொல்லுவியள்."

அவர்கள் இருவரும் பாதி தமிழிலும் பாதி சுவிஸ் ஜெர்மனிலும் சண்டை பிடித்துக்கொண்டிருக்க, நான் காற்றை அளக்கும் அந்த மானியை யோசித்துக்கொண்டிருந்தேன். போர் முடிந்த 2009இல் நான் கம்பிவேலிக்குள் அகதி முகாமில் இருந்தேன். காலையில் கூடாரத்துக்கு எத்தனை பேர் என்று எண்ணிக்கொண்டு போவார்கள். எண்ணிய தலைக்குச் சோறு வரும். எங்கள் கூடாரத்தில் இருந்த ஒருவர் எண்ணி முடிந்த பிறகு காணாமல் போனார். வெளியே போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. அன்றும் அவருக்குச் சோறு வந்தது. எண்ணியவன் பிழையாக எண்ணவில்லை, சோறு கொண்டுவந்தவனிலும் பிழை இல்லை. ஆள் நடுவில் போய்விட்டார், அவ்வளவுதான். நாங்கள் பசியில் இருந்தோம், அவருடைய சோற்றையும் சாப்பிட்டோம்.

எஞ்சினால் அப்படிச் சாப்பிட முடியாது. மானி எண்ணிய காற்றின் கணக்குக்குத்தான் பெற்றோல் வரும். எண்ணிய காற்றோ வழியில் 'புஸ்ஸ்' என்று வெளியே போய்விடுகிறது. போன காற்றுக்கும் சேர்த்துப் பெற்றோல் வருகிறது. மூச்சு முட்டி அணைந்துவிடுகிறது. மெதுவாக ஓடினால் டர்போ அழுத்துவதே இல்லை. வெளியே போவதற்குக் காற்றும் இல்லை. சித்தப்பாமார்கள் மாற்றியவற்றில் ஒன்றும் பழுதாக இருந்திருக்காது. இதில் முகாமை விட்டுவிட்டு மற்றதை மட்டும் அவர்களுக்குச் சொன்னேன்.

"பழைய வால்வு எங்க?" என்றேன்.

"கெல்லரில, பனிச் சப்பாத்துப் பெட்டிக்குள்ள" என்றான். அரசாங்கத்தின் வாகனச் சோதனைக்கு இந்த மாதிரிப் புதிய வால்வோடு போனால் காரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் இந்தப் பெடியன்கள் சோதனை நாளில் பழையதைப் பூட்டி, வந்ததும் கழற்றிவிடுவார்கள். "அக்கா, நாளைக்கு மட்டும். சனிக்கிழமை நான் வந்து திரும்பப் பூட்டுவன்" என்றான். தாய் கைபேசியை வாங்கி, சாப்பிட்டியோ என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்தார்.

நிலவறையில், பெட்டி சொன்ன இடத்தில் இருந்தது. வால்வு எங்கே ஊதுகிறது என்று பார்க்க எஞ்சினை ஓடவிட்டிருந்தேன். அது ஆறும் வரை பொறுக்காமல் கையை விட்டதால் மணிக்கட்டில் சுட்டுக்கொண்டேன். காற்று திரும்பிப் போகிற பாதையைத் தம்பி ஓர் அடைப்பால் மூடி இறுக்கியிருந்தான். அதைக் கழற்றிப் பழைய ரப்பர்க் குழாயைப் பொருத்தப் பார்த்தால், குழாய் காய்ந்து விறைத்துப்போய் ஏற மறுத்தது. தாய் கேத்தலில் சுடுதண்ணீர் கொண்டுவந்தார். குழாயின் முனையை அதில் ஊறவைத்து, இளகியதும் தள்ளி ஏற்றினேன். மகள் கைபேசி வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு, விழுந்த ஆணியொன்றைக் குனிந்து தேடி எடுத்தாள். வெளியே இன்னும் வெயில் இருந்தது.

மூவரும் ஏறினோம். நேர்ப்பாதையில் அவள் நன்றாக அமத்தினாள். சுற்றுவட்டத்துக்குக் கிட்ட வந்து காலை எடுத்தாள். சத்தம் இல்லை. எஞ்சின் வேகத்தைக் காட்டும் முள் இறங்கி, சற்று நடுங்கி, ஓரிடத்தில் நிலைத்தது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வெளியேறாமல் வட்டத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"இனி எல்லாருக்கும் நிக்காதாக்கும்" என்றார் தாய். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.

பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டில் தங்குவது சரியில்லை. காரிலேயே படுக்கிறேன் என்றேன். தாய் மறுக்கவில்லை, தலையணையும் போர்வையும் தந்தார். அதைவிட மோசமான இடங்களில் படுத்திருக்கிறேன். தம்பி பூட்டியிருந்த இருக்கைகள் பந்தயக் கார் இருக்கைகள், முதுகை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டன.

காலையில் மகள் கண்ணாடியில் தட்டினாள். "அங்கிள், இறங்காதேங்கோ. பக்கத்தில வாங்கோ. நிண்டா தள்ள ஆள் வேணும்." தாய் வேலைக்குப் போவதற்கு முன் கட்டிவைத்திருந்த ரொட்டிப் பொதியை என் மடியில் வைத்தாள். வழியில் ஒவ்வொரு சந்தியிலும் காலை எடுக்கும்போது மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். நானும்தான். கார் நிற்கவில்லை.

முதியோர் இல்லத்தின் வாசலில் ஒரு மனுசி சைக்கிளைப் பூட்டிக்கொண்டிருந்தார். அவர்தான் மேலதிகாரி என்று அவள் முணுமுணுத்தாள். மனுசி திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டார். நீ வந்தது எனக்குக் கேட்கவே இல்லையே என்றார், ஜெர்மனில். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தார். பத்து மணிக்கு அலுவலகத்துக்கு வா, கையெழுத்துப் போடலாம் என்றார். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

அவள் படிகளில் ஏறி, கதவடியில் திரும்பி என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். மாலை நாலு மணிவரை அவள் வரமாட்டாள். எனக்குத் திரும்பிப் போக வேண்டிய இடமும் இல்லை. தெருவுக்கு மறுபக்கம் ஒரு சலாட் கீரை வயல். வானிலிருந்து ஆட்கள் இறங்கிப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். போய், ஆள் தேவையா என்று கேட்டேன். அவர்களுக்குப் பொறுப்பாக நின்ற போர்த்துக்கல் பெண் என் வதிவிட அனுமதி அட்டையின் இரண்டு பக்கத்தையும் பார்த்தாள். சூடுபட்ட மணிக்கட்டைப் பார்த்தாள். முழங்கால் நல்லதா என்று கேட்டாள். நல்லது என்றேன். ஒரு வளைந்த கத்தியைத் தந்து, மண்ணை ஒட்டி வெட்டவேண்டும், வெளி இலையைக் கழித்துவிடவேண்டும், தலைகீழாக அடுக்கவேண்டும் என்று ஒன்றை வெட்டிக் காட்டினாள். பையை வரப்பில் வைத்துவிட்டு, எனக்கென்று காட்டிய வரிசையில் முழங்காலிட்டேன்.