ஜெபத்தில் வைக்கப்பட்ட என் பாஸ்போர்ட்

சபையாருக்கு என் அன்பு. இந்தச் சாட்சியில் பாதி நன்றி, பாதி கோபம். இரண்டையும் ஆண்டவரிடம் ஏற்கெனவே கொட்டிவிட்டேன். உங்களிடம் மட்டும் மறைப்பானேன்?

சென்ற லெந்து தவக்காலம் தொடங்கிய வாரத்தில்தான் தலையில் இடி விழுந்தது. என் ஒரே மகள் ஜெனிஃபர் ஐரோப்பாவில் வேலை பார்க்கிறாள். அப்போது அவளுக்கு ஏழாம் மாதம். இரத்த அழுத்தம் ஏறிவிட்டது, தனியாக இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருமகனுக்குக் கப்பல் வேலை. நடுக்கடலிலிருந்து இறங்கி வர முடியாது. என் கணவர் காலமாகிவிட்டார். அவளுக்கு என்னை விட்டால் ஆளில்லை.

"அம்மா, நீ வந்துடுவல்ல?" என்று போனில் கேட்டாள். வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டேன். விசாவுக்கு ஒரு நாள் குறித்து வாங்குவதே பெரும்பாடு என்று எனக்கு அப்போது தெரியாது.

நான் தங்கவயலில் பிறந்து, கல்யாணமாகி ஜோகுபாளையத்துக்கு வந்தவள். ஒரு நர்சரிப் பள்ளியில் பிள்ளைகளை மேய்க்கிறேன். கம்ப்யூட்டர் விஷயமெல்லாம் எனக்கு எட்டாது. ஆனால் நம் சபையில் விசா வேலை பார்த்துக் கொடுக்கும் சகோதரர் ஒருவர் இருக்கிறார். பெயர் வேண்டாம். என் கணவரின் அடக்கத்தில் பெட்டிக்குத் தோள் கொடுத்தவர். அவரை நம்பாமல் யாரை நம்புவேன்?

பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார். "சிஸ்டர், ஒரு விஷயம். நீங்களா வெப்சைட்ல கைய வெச்சுடாதீங்க, உங்க பேரு லாக் ஆயிடும். விசா சென்டர் பக்கமும் போவாதீங்க. எல்லாம் நான் பாத்துக்கறேன்" என்றார்.

அதன் பிறகு எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான். "ஜெபத்துல வெச்சிருக்கேன் சிஸ்டர்." வேறு யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன். விசுவாசிகளாகிய நமக்கு இந்த வார்த்தை போதுமே! நான் ஆமென் சொன்னேன். அதோடு விட்டேனா? ஒரு ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று, கிடைக்காத விசாவுக்கு முன்கூட்டியே நன்றி சொல்லிவிட்டேன். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். முதலில் தட்டியவர் அவர்தான். சாட்சி சொன்னபின் விசாரித்தால் அவிசுவாசமாகிவிடுமோ என்று பயந்து நானும் வாயை மூடிக்கொண்டேன்.

குருத்தோலை ஞாயிறு முடிந்த மறுநாள் காலையில் மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். "அம்மா, நெஜமாவே அப்ளை பண்ணியா, இல்ல என் ஆறுதலுக்கு சொல்றியா?" என்று அழுதாள். போனை வைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன். அன்றைக்கு அழகாக ஜெபிக்க வரவில்லை. "ஆண்டவரே, கதவத் தொறங்க. முடியாதுன்னா அதையாவது என் மொகத்துக்கு நேரா சொல்லுங்க" என்று சண்டை போட்டேன். எழுந்தபோது மனதில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. நீயே போ.

மெட்ரோ பிடித்து விசா மையத்துக்குப் போனேன். வாசல் காவலாளியிடம் மகள் நிலைமையைக் கன்னடத்தில் சொன்னேன். "எமர்ஜென்சி கவுண்டர் இதெயல்லம்மா, ஒளகே ஹோகி" என்று, அவசரத்துக்குத் தனிக் கவுண்டர் இருப்பதாகச் சொல்லி உள்ளே கை காட்டினார். கவுண்டரில் இருந்தது தமிழ்ப் பெண். ஏஜென்ட் மூலமாக விண்ணப்பித்திருக்கிறேன் என்றேன்.

"ஏஜென்ட்டா? தூதரகத்துல அத நிறுத்தி ரொம்ப நாளாச்சு ஆன்ட்டி. ஏஜென்ட்டுங்க எல்லா அப்பாயின்ட்மென்ட்டையும் மொத்தமா புடிச்சு வெச்சுக்கறாங்கன்னு, இப்ப போறவங்க அவங்களேதான் புக் பண்ணணும். உங்கள மாதிரி கேஸுக்கு அதுகூட வேணாம். ஆஸ்பத்திரி லெட்டரோட நேரா வரலாம்." கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு, "உங்க பேர்ல எதுவுமே இல்லையே" என்றாள்.

நான் திறக்கச் சொல்லிக் கதறிய கதவு லெந்துக்கு முன்பே திறந்து கிடந்திருக்கிறது. அது தெரிந்தால் தன் பிழைப்புப் போய்விடும் என்று ஒருவர் அதை மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். அதுவும் கைகூப்பிக்கொண்டு.

பாஸ்போர்ட்டை வாங்க நேராக அவர் வீட்டுக்குப் போனேன். அவர் இல்லை. மனைவி, பாவம், ஒன்றும் தெரியாதவர். "இங்கதான் இருக்கு சிஸ்டர்" என்று ஜெப மேசைக்குப் போய், வேதாகமத்தைத் தூக்கி, அடியிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட பாஸ்போர்ட் கட்டை எடுத்தார். என்னுடையது நடுவில் இருந்தது. "டெய்லி காலைல இதுமேல கைய வெச்சுதான் ஜெபம் பண்றாரு" என்றார் பெருமையாக.

சொன்ன சொல் தவறாத மனிதர். ஜெபத்தில் வைத்திருக்கிறேன் என்றார், அங்கேதான் வைத்திருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. வீடு வரும்வரை அழுதுகொண்டே வந்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு போனேன். கைரேகை எடுத்தார்கள், புகைப்படம் எடுத்தார்கள், ஒரு டீ குடிக்கும் நேரத்தில் அனுப்பிவிட்டார்கள். பெரிய வியாழனன்று விசா கைக்கு வந்தது. எத்தனை வாரம் அழுதேன், எவ்வளவு சுலபமாக முடிந்தது!

நான் போய் இறங்கியது சனிக்கிழமை. வெள்ளிக்கிழமையே அவசரமாக அறுவைச் சிகிச்சை செய்துவிட்டார்கள். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது என் மகள் பெயர் தெரியாத ஒரு நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாளாம். பேத்தி கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள், என் உள்ளங்கை அகலம். இருவரும் பிழைத்தார்கள். அது என் ஆண்டவர் செய்தது. நான் ஒரு நாள் பிந்திப் போனது அவர் செய்தது அல்ல.

திரும்பி வந்த முதல் ஞாயிறு, ஆலய வாசலில் அந்தச் சகோதரர் சிரித்துக்கொண்டே வந்தார். "பாத்தீங்களா சிஸ்டர், ஜெபம் வீணா போவல."

"ஆமா பிரதர், என் ஜெபம் வீணா போவல" என்றேன்.

மன்னித்துவிட்டாயா என்று கேட்காதீர்கள். ஆண்டவர் தினமும் கேட்கிறார். நானும் பார்க்கலாம் என்றே சொல்லி வருகிறேன். அவர் பொறுமைசாலி.

பிரியமானவர்களே, ஆண்டவரை நம்புங்கள். தரையில் உட்கார்ந்து சண்டை போட்டாலும் காது கொடுக்கிறார். நான் இப்போது யாரிடமாவது ஜெபத்தில் வைத்திருக்கிறேன் என்று சொன்னால், செருப்பைப் போட்டுக்கொண்டுதான் சொல்கிறேன்.

கடைசியாக ஒன்று. அந்த ரப்பர் பேண்டுக்குள் உங்களில் சிலருடைய பாஸ்போர்ட்டும் இருந்தது. இன்றைக்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள். கதவு திறந்துதான் இருக்கிறது.