சாப்பாட்டுப் பேப்பரில் நடந்த சண்டை

துபாய் கராமாவில் எங்கள் ரூமில் ஆறு பேர். ஐந்து பேர் தமிழ்நாடு. நான் மட்டும் இலங்கை, வன்னிக்காரன். ஞாயிற்றுக்கிழமை லீவில் தரையில் பேப்பர் விரித்து, சட்டியைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். அன்று சமையல் என் முறை. நான் பொரித்து வைத்த மீனை எடுத்து, எங்கள் நாட்டு உள்நாட்டுப் போரைப் பேப்பரில் நடத்த ஆரம்பித்தார் மதுரைக்காரர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இதுதான் கிழக்கு எல்லைல, காட்டுக்குள்ள இருந்த முகாம்" என்று ஒரு மீன் தலையை ஓரத்தில் வைத்தார். "இத மட்டும் பசங்க விடாம பிடிச்சிருந்தா, ஆர்மி இங்கயே மாட்டியிருக்கும். வடக்க ஏறியிருக்கவே முடியாது. சண்டையே வேற மாதிரி முடிஞ்சிருக்கும். விட்டுட்டு ஓடி வந்துட்டானுங்க!"

ஏசிக்குக் கீழே உட்கார்ந்து, என் குழம்பை ஊற்றித் தின்றுகொண்டு பேசுகிற பேச்சைப் பாருங்கள்! கடைசி ஓவரில் கேட்சை விட்ட ஆளைத் திட்டுகிற மாதிரி. அங்கிருந்து ஓடி வந்தவர்களில் ஒருவன் என் தம்பி. அதை நான் ரூமில் யாரிடமும் சொன்னதில்லை. தம்பியும் அந்த முகாமைப் பற்றி என்னிடம் வாய் திறந்ததில்லை.

நேரம் பார்த்து ஊரிலிருந்து அவனே கூப்பிட்டான். வலது கை முழுக்கச் சோறு. இடது கையால் ஸ்பீக்கரைத் தட்டி, போனைப் பேப்பரிலேயே வைத்தேன். அதுதான் நான் செய்த மடத்தனம். மதுரைக்காரர் நிறுத்தவில்லை.

"அந்தக் கிழக்குக் காட்டு முகாம்ல ஒரே வாரம் தாக்குப் பிடிச்சிருந்தா போதும். பயந்தாங்கொள்ளிப் பசங்க!"

"அண்ணை," என்றான் தம்பி. "அவர் சொல்லுறது சரிதான். நாங்கள் நிண்டிருக்க வேணும்."

எல்லாருடைய கையும் அப்படியே நின்றது.

"யாருப்பா அது?" என்றார் மதுரைக்காரர்.

"அந்த முகாமில நிண்டவன். என்ர தம்பி."

அவர்மேல் இருந்த கோபத்தைவிட என்மேல் வந்த கோபம் பெரிது. இத்தனை வருஷமாக இவன் இதையா சுமந்துகொண்டிருந்தான்? வாராவாரம் நான் கேட்டதெல்லாம் மழை பெய்ததா, தண்ணீர் மோட்டார் சரியாகிவிட்டதா என்பதுதான்.

"நிண்டிருந்தா நீ செத்திருப்பாய்!" என்று கத்தினேன். "சண்டை எப்பிடி முடிஞ்சிருந்தா எனக்கென்ன? நீ ஓடி வந்தது நல்லம். கேக்குதே? நல்லம்!"



"இதை முதலே ஒருக்கா சொல்லியிருக்கலாமே, அண்ணை" என்றான்.