அடைப்பெடுக்க வந்தவரின் பூட்ஸ்

புனேயில் எங்கள் சிஞ்ச்வட் ஃப்ளாட்டில் சமையலறைக் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டு, தரையில் தண்ணீர் தேங்கியது. கரண்டில் ஓடும் அடைப்பெடுக்கும் மிஷினோடு ஒருவர் வந்தார். நரைத்த மீசை, கைகளில் தோல் கையுறை. செருப்பை வாசலில் விட்டார். பையிலிருந்து ரப்பர் பூட்ஸை எடுத்து, அடியைத் துணியால் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“பூட்ஸோடயா உள்ள வருவாரு? சாமி ரூம் இருக்கு, கழட்டச் சொல்லுங்க” என்றாள் மனைவி, அவருக்குத் தமிழ் புரியாதென்று நினைத்து.

“கழட்ட முடியாதும்மா” என்றார் அவர், தமிழிலேயே. “தண்ணி நிக்கிற தரை. மிஷின்ல கரண்ட் கசிஞ்சா ஆள் காலி.”

“பத்து நிமிஷ வேலைதானேப்பா?” என்றேன்.

அவர் என் கால்களைப் பார்த்தார். “நீங்க போட்டிருக்கீங்களே சார்?”

“இது வீட்டுச் செருப்பு.”

“இதுவும் வீட்டுக்குள்ள மட்டும் போடுறதுதான் சார்.”

நாங்கள் வழிவிடவில்லை. பூட்ஸைக் கழற்றி, மறுபடி துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். திமிர் பிடித்த ஆள் என்று எங்கள் குடியிருப்பு சொசைட்டியின் வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன்.

மறுநாள் வேறொருவர் வந்தார். சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டு, தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு நின்று மிஷினை ஓட்டினார்.

“மரியாதை தெரிஞ்சவர்” என்றாள் மனைவி.

நான் வீட்டுச் செருப்போடு, ஈரம் எட்டாத இடமாகப் பார்த்து நின்றுகொண்டிருந்தேன்.