இலத்தூரில் நட்ட கால்

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டால் முப்பிடாதிக்குச் சைக்கிளை விட்டு இறங்க நேரம் இருக்காது. ஆனியும் ஆடியும் வாரம் ஒரு தாள் அச்சடிப்பார். 'சாரல் மாலை' என்று பெயர். பகலெல்லாம் அருவியில் குளித்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் என்ன செய்வதென்று தெரியாமல் விடுதியில் உட்கார்ந்திருக்கும் வெளியூர்க்காரர்களுக்கான தாள் அது. எந்த ஊரில் நாடகம், எந்தக் கொட்டகையில் என்ன படம், எந்தக் கோயிலில் வில்லுப்பாட்டு என்று எல்லாம் அதில் இருக்கும்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் ஆனியில் ஒரு சறுக்கல். பண்பொழிக் கொட்டகையில் புதுப்படம் என்று சுவரொட்டியைப் பார்த்துப் போட்டுவிட்டார். படப்பெட்டி வந்து சேரவில்லை. போனவர்கள் பழைய படத்தைப் பார்த்துவிட்டு நனைந்துகொண்டு திரும்பினார்கள். அச்சடிக்கிற தாள்களில் பாதியை வாங்குகிற பெரிய விடுதியின் மேனேஜர் அருமைநாயகம் அவரைக் கூப்பிட்டார்.

"செவ்வாய்க்கிழமைக்கு வில்லுப்பாட்டு பாக்கணும்னு முப்பது பேரு நிக்கிதாங்க. பஸ் பேசியாச்சு. இந்தத் தடவையும் ஏமாந்து வந்தாங்கன்னா, உம்ம தாளு இந்தப் படி ஏறாது, பாத்துக்கிடும்."

அதிலிருந்து கண்ணால் பார்க்காத எதையும் எழுதுவதில்லை என்று முப்பிடாதி முடிவு செய்தார். சினிமாவா, ரயிலடியில் பெட்டி இறங்க வேண்டும். நாடகமா, வேஷப்பெட்டி வர வேண்டும். கொடை என்கிற கோயில் திருவிழாவா, பந்தலுக்குக் கால் நட்டிருக்க வேண்டும்.

இலத்தூர் அம்மன் கோயிலில் கால் நட்டிருந்தது. உச்சியில் மாவிலைக் கொத்து. பக்கத்துக் கடைக்காரர் பலவேசத்திடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டார்.

"கொடை உண்டும்லா அண்ணாச்சி?"

"என்ன கேள்விவே இது? அம்மனுக்குக் கொடை இல்லாம இருக்குமா?"

கண்ணும் சரி, வாயும் சரி. 'இலத்தூர், செவ்வாய், கோமதியம்மாள் வில்லுப்பாட்டு' என்று எழுதிக்கொண்டார். வருஷா வருஷம் அங்கே பாடுவது அவள்தான்.

வெள்ளிக்கிழமை காலை அச்சாபீசுக்குப் போகிற வழியில், தென்காசி பஸ் ஸ்டாண்டில் கோமதியம்மாளே எதிரில் வந்தாள்.

"செவ்வாய் இலத்தூர்லதானே?" என்றார்.

"இல்லண்ணாச்சி, சுரண்டையில. இலத்தூர்க்காரவுக இந்த வருஷம் எனக்கு வெத்தல பாக்கு வைக்கலியே."

கால் இருக்கிறது, பாட்டுக்காரி இல்லை. வேறு யாரையாவது கூப்பிட்டிருப்பார்களோ? அச்சாபீசில் சாயங்காலம் வரை அவகாசம் கேட்டுவிட்டு இலத்தூருக்கு மிதித்தார்.

கால் அங்கேயேதான் நின்றது. ஆனால் பந்தல் போடவில்லை. மாவிலை சருகாகிக் கிடந்தது.

"இந்தச் செவ்வாய்தானா அண்ணாச்சி?"

"அம்ம நெனச்சா நடக்கும்" என்றார் பலவேசம்.

"பாட்டுக்கு யாரு?"

"யாராவது பாடுவாங்க. உமக்கு என்னவே அவசரம்?"

பூசாரியைக் கேட்டார். "நடக்கும்" என்றார் பூசாரி. எல்லாரும் உண்டு என்கிறார்கள். எங்கும் ஒன்றையும் காணோம். அவர் காலையே சுற்றிச் சுற்றி வருவதைக் கண்டு, குடத்தோடு போன உள்ளூர்க்காரி ஆவுடையம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன அண்ணாச்சி, காலுகிட்டயே கேக்குதீகளா?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கால் நட்ட மறுநாளு ஊர்ல ஒரு சாவு விழுந்து தீட்டாயிட்டு. நட்ட கால பிடுங்கப்படாது. அம்ம காரியத்த இல்லன்னு வாயால சொல்லவும் படாது. நான் ஒண்ணும் சொல்லல, கேட்டீகளா?"

முப்பிடாதி தாளை எடுத்தார். இலத்தூர் பெயருக்கு நேராக 'இல்லை' என்று எழுதக் கை வரவில்லை. அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தானே. வரியை மட்டும் அடித்தார். சுரண்டை என்று எழுதலாம்தான். ஆனால் கோமதியம்மாள் வாய்ச்சொல் மட்டும் போதுமா?

தென்காசி வந்து சுரண்டை பஸ் பிடித்தார். அங்கேயும் கால். மாவிலை பச்சையாக இருந்தது. நேற்று நட்டதாக இருக்கலாம். மறுநாளே ஏதாவது நடந்திருந்தால்? காலை நம்புவதா, இலையை நம்புவதா? கொடை உண்டா என்று கேட்டால் இங்கேயும் உண்டு என்றுதான் சொல்வார்கள். கோயில் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்த சிவசைலத்திடம் போய் நின்றார். வேறு வழி தெரியாமல் கேட்டேவிட்டார்.

"அண்ணாச்சி, ஊர்ல இப்ப யாரும் தவறிட்டாங்களா?"

சிவசைலம் கயிற்றைக் கீழே போட்டார்.

"ஏம்வே, உமக்குப் புத்தி கித்தி இருக்கா? கொடைக்குக் கால் நட்டு, கோமதியம்மாளுக்கு வெத்தல வச்சு, பந்தலுக்கு ஓல வந்து எறங்குது. செவ்வாக்கிழம வில்லடிக்கப் போற வாசல்ல நின்னுக்கிட்டு எவன் செத்தாம்னு கேக்குதீரே! எந்த ஊருவே நீரு? போவும் அங்கிட்டு!"

இன்னும் நாலு பேர் கூடி வந்து வைதார்கள். தப்பாகக் கேட்டோமா, சரியாகக் கேட்டோமா என்று முப்பிடாதிக்குப் பிடிபடவில்லை. ஆனால் இலத்தூரில் ஒருவர்கூட இப்படிக் கோபப்படவில்லை என்பது மட்டும் நினைவுக்கு வந்தது. அவர்கள் வைது முடிக்கும்வரை தலைகுனிந்து நின்றார். பிறகு பஸ்ஸில் உட்கார்ந்து, அடித்த வரிக்குக் கீழே 'சுரண்டை' என்று எழுதினார்.

செவ்வாய்க்கிழமை விடுதி பஸ் சுரண்டைக்குப் போனது. அடுத்த சனிக்கிழமை அருமைநாயகம் தாளை வாங்கி மேசைமேல் வைத்துக்கொண்டு கேட்டார்: "இலத்தூர்லதான் கொடைன்னு ஊரே சொல்லிச்சே. சுரண்டைன்னு எப்படிவே கண்டுபிடிச்சீரு?"

"வைதாங்க" என்றார் முப்பிடாதி.