அலமாரியில் ஒரு பின்னல்

நான் எந்தச் சாமிக்கும் முடி கொடுக்கவில்லை.

சிறுசேரிச் சாலையோரத்தில், இரண்டாவது மாடியில், கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அழகு நிலையத்தில் உட்கார்ந்து, இடுப்புவரை இருந்த என் பின்னலைக் கழுத்தோடு வெட்டிக்கொண்டேன். ஆசைப்பட்டு வெட்டிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து, என் நாத்தனாருக்குக் கல்யாணம் ஆகவேண்டும் என்று முருகனுக்குக் காணிக்கை கொடுத்ததாகச் சொன்னேன்.

ஒரே ஒரு வரிப் பொய். அது ஒன்றரை வருஷமாக என் வீட்டில் வளர்ந்துகொண்டிருக்கிறது... முடியைப் போலவே, சத்தமில்லாமல்.

உங்களிடம் இதைச் சொல்ல நேர்ந்ததே வேறொரு காரணத்தால். பெண்கள் இதழ் ஒன்றிலிருந்து பேசினார்கள். பெண்களிடம் குட்டை முடி திரும்பவும் ஃபேஷனாகி வருகிறதா, இரண்டு பக்கம் எழுதிக் கொடுங்கள், நீங்கள்தான் கவிதைபோல எழுதுவீர்களே என்றார்கள். மூன்று தடவை ஆரம்பித்தேன். மூன்று தடவையும் ‘வருகிறது’ என்ற சொல்லோடு கை நின்றுவிட்டது.

வருகிறது. அதில் சந்தேகமில்லை. காலை ஒன்பது மணிக்குச் சிறுசேரியில் கம்பெனி பஸ்கள் வந்து நிற்கும்போது பாருங்கள். எத்தனை கழுத்துகள்! வெயில் நேராக வந்து தொடுகிற கழுத்துகள், தோடு மட்டும் ஆடுகிற கழுத்துகள். நான் கல்லூரியில் படித்தபோது முடியை ஒட்ட வெட்டிய ஒருத்தி இருந்தாள். அவளைத் ‘தம்பி’ என்று கூப்பிட்டோம். நானும்தான் கூப்பிட்டேன். இப்போது அவள் காலம் வந்துவிட்டது.

ஆனால் அங்கிருந்து பஸ் பிடித்து, திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டு வந்து இறங்குங்கள். எங்கள் தெருவில் ஒரு பெண்ணின் முடி குட்டையாக இருந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கவேண்டும். வேண்டுதல் இருக்கலாம். காய்ச்சலில் கொட்டியிருக்கலாம். துக்கம் இருக்கலாம். ஆசை என்பது அங்கே ஒரு காரணமே இல்லை. நாற்பத்தெட்டு வயதுக்காரியின் ஆசை... கேட்கவே வேண்டாம்.

பொங்கலுக்கு முந்தின வாரம் அது. கணவர் வேலையாக ஓசூர் போயிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அத்தை பார்த்துவிட்டார். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கையிலிருந்த முறத்தை மெதுவாகக் கீழே வைத்தார்.

“இன்னாமா இது... யாருக்கு வேண்டிகினே?”

ஏன் வெட்டினாய் என்று அவர் கேட்கவில்லை. கவனியுங்கள், அவர் கேட்டது யாருக்கு என்று! பதிலைப் பாதி அவரே கையில் எடுத்துக் கொடுத்துவிட்டார். நான் வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான்... என்று எத்தனை நாள் எனக்கு நானே சொல்லியிருப்பேன்!

அந்த நேரம் பார்த்து பவானி உள்ளே வந்தாள். என் கணவரின் தங்கை, முப்பத்து மூன்று வயது. சிறுசேரியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிக்கொண்டே வந்தவள், என் தலையைப் பார்த்து அப்படியே நின்றாள். என் கண் அவள்மேல் விழுந்தது. வாய் முந்திக்கொண்டது.

பவானிக்காக என்றேன்.

என் அலுவலகம் திருப்போரூரில்தான். மதிய இடைவேளையில் கந்தசாமி கோயிலுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன் என்றால் யார் நம்பமாட்டார்கள்? அத்தை மட்டும், பூமுடி என்றால் மூன்று விரற்கடைதானே கொடுப்பார்கள் என்று இழுத்தார். பவானி கல்யாணத்துக்கு மூன்று விரற்கடை போதுமா அத்தை என்று கேட்டேன்.

எவ்வளவு அழகான வாக்கியம். யோசிக்காமலே வந்தது. அழகாகச் சொல்ல வருவதுதான் என் வியாதி.

அத்தை அழுதார். பவானி அழவில்லை. கிட்டே வந்து என் பின்கழுத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். கணவரிடம் போனில் அதே பொய்யைச் சொன்னேன். எதிர்வீட்டு அம்மா ஐம்பது வயசில் பாப் கட்டு கேக்குதா என்று சிரித்தபோது, எங்க மருமவ எம்பொண்ணுக்காகக் குடுத்துட்டு வந்துகீறா என்று அத்தை தெருவில் நின்று சண்டை போட்டார். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

பின்னல் என் அலமாரியில் இருந்தது. அழகு நிலையப் பெண் ரப்பர் பேண்டு போட்டு, காகிதத்தில் சுற்றிக் கொடுத்திருந்தாள். தூக்கிப் போட மனம் வரவில்லை. பட்டுப்புடவை அட்டைப்பெட்டிக்குள், புடவைக்கு அடியில் வைத்தேன்.

அதே வீட்டில், சாமி படத்தின் பக்கத்தில் ஒரு மாலை காய்ந்துகொண்டிருந்தது. திருவிடந்தையில் பெருமாளுக்குச் சாத்தி, திரும்ப வாங்கி, கழுத்தில் போட்டுக்கொண்டு பவானி ஒன்பது சுற்றுச் சுற்றிய மாலை. கல்யாணம் ஆனபின் கணவனோடு போய்க் கோயிலில் சேர்க்கவேண்டும் என்பது வழக்கம். ஐந்து வருஷமாக அது காத்திருந்தது. எங்கள் வீட்டில் அது எல்லோருக்கும் தெரிந்து காத்திருந்தது. என்னுடையது யாருக்கும் தெரியாமல் காத்திருந்தது.

பிறகு நடந்ததைச் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. தை முடிவதற்குள் ஒரு வரன் வந்தது! மதுராந்தகத்துப் பையன், நல்ல வேலை. வந்து பார்த்தார்கள், சிரித்துப் பேசினார்கள், கேசரியை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். அத்தை என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். முருகன் கண்ணைத் திறந்துட்டான் என்றார்.

அப்புறம் மூன்று வாரம் ஒரு தகவலும் இல்லை.

மாசி மகத்துக்கு எல்லோரும் மாமல்லபுரம் போனோம், கடலில் குளிக்க. கரை முழுக்கக் கூட்டம். அத்தையைக் குளிப்பாட்டி உட்காரவைத்துவிட்டு, நானும் பவானியும் ஈரப்புடவையோடு காற்றில் நின்றோம். அவள் பின்னலை அவிழ்த்து உதறிக்கொண்டிருந்தாள். முழங்கால் மடிப்பைத் தொடும் முடி அவளுக்கு. என்னுடையதைவிட நீளம், என்னுடையதைவிடக் கறுப்பு.

“முடி குடுக்கும்போது உங்களுக்கு இன்னா தோணுச்சு அண்ணி?” என்றாள்.

அப்போது சொல்லியிருக்கலாம்! அலை இரைச்சலில், கூட்டத்தில், யாருக்கும் கேட்காமல் இரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும். அவள் சிரித்திருப்பாள். இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு மூன்றாம் நாள் பேசியிருப்பாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வர்ணித்தேன். கத்தரி நெருங்கும்போது காதுக்குப் பக்கத்தில் மணல் நடப்பதுபோல ஒரு சத்தம் கேட்கும் என்றேன். இத்தனை வருஷம் முதுகில் யாரையோ சுமந்துகொண்டிருந்தோம், இப்போது இறக்கிவிட்டோம் என்று தோன்றும் என்றேன். கழுத்தில் முதல் காற்றுப் படும்போது யாரோ மன்னித்துவிட்டதுபோல இருக்கும் என்றேன். எல்லாம் உண்மை. ஒவ்வொன்றும் அந்த அழகு நிலையத்து நாற்காலியில் எனக்கு நேர்ந்த உண்மை. இடத்தை மட்டும் மாற்றிச் சொன்னேன்.

பவானி கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

அடுத்த வியாழக்கிழமை அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுச் சிறுசேரியிலிருந்து திருப்போரூருக்குப் பஸ் ஏறியிருக்கிறாள். நான் என் மேசையில் உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைக் கழுவிவைத்துக்கொண்டிருந்த நேரமாக இருக்கும்... நாலு தெரு தள்ளி, அவள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். எடுத்தாள். முழு மொட்டை. சந்தனம் பூசியிருந்தது.

நீங்க எனக்காகக் கழுத்துவரைக்கும் குடுத்தீங்க அண்ணி, மீதி நான் குடுக்க வேணாமா என்றாள்.

மறுநாள் காலை மதுராந்தகத்திலிருந்து போன் வந்தது. தாமதத்துக்கு மன்னிக்கவேண்டும், வீட்டுப் பெரியவருக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது, இப்போது தேவலை, அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வருகிறோம் என்றார்கள்.

பூ வைக்க! நிச்சயத்துக்கு முன்னால் பையனின் அம்மா வந்து, பெண்ணின் தலையில் தன் கையால் பூச்சரம் வைப்பதுதான் எங்கள் பக்கத்துச் சடங்கு. அதன்பிறகு அவள் அந்த வீட்டுப் பெண். அந்தப் பூவை எங்கே வைப்பது?

அத்தை அலைந்தார். கடைத்தெருவில், நாடகக்காரர்களுக்கு டோப்பா செய்துகொடுக்கிற ஒருவரைத் தேடிப் பிடித்தார். கூட நானும் போனேன். இருப்பதை எல்லாம் எடுத்துக் காட்டினார். எல்லாம் பளபளவென்று பொம்மை முடி. நீளமான நிஜ முடி ஒன்று கொண்டுவாருங்கள், ஐந்தே நாளில் தைத்துத் தருகிறேன், வகிடு எடுத்தாலும் தெரியாது என்றார். அவ்ளோ முடிக்கு எங்க போறது என்று அத்தை அவரையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

என் அலமாரியில் இருந்தது!

இதைத்தான் நான் உங்களிடம் ஒப்புக்கொள்ள வந்தேன். வெட்டியதை அல்ல. பொய் சொன்னதைக்கூட அல்ல. வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து, காகிதத்தைப் பிரித்து, அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, மறுபடி புடவைக்கு அடியில் வைத்து மூடினேனே... அதை. ஐந்து நாளும் தினம் ஒருமுறை அந்த அலமாரிக்கு முன்னால் போய் நின்றேன். எடுத்துக் கொடுத்தால் நான் யாரென்று தெரிந்துவிடும். கொடுக்காவிட்டால் அவளுக்கு என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

வந்தார்கள். பையனின் அம்மா நல்ல மாதிரிதான். பவானியின் தலையைப் பார்த்தார். கையில் முல்லைச்சரத்தோடு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு சரத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்தார். காபி குடித்தார்கள். இவ்வளவு பெரிய வேண்டுதல் வேண்டுகிற அளவுக்குப் பெண்ணுக்கு என்ன குறை என்று கிளம்பும்போது யாரோ அத்தையிடம் மெதுவாகக் கேட்டிருக்கிறார்கள். அதற்கப்புறம் அங்கிருந்து போன் வரவில்லை.

பவானி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம்ம நேரம் அண்ணி, நீங்க இன்னா பண்ணுவீங்க என்று எனக்கே ஆறுதல் சொன்னாள்.

ஒன்றரை வருஷத்தில் அவள் முடி கழுத்துவரை வளர்ந்திருக்கிறது. ஆபீசில் பெண்கள் எல்லாம் எந்தப் பார்லர் என்று கேட்கிறார்களாம். “ஃபேஷனாம் அண்ணி, நான்தான் ஆரம்பிச்சு வெச்சனாம்” என்று சிரிக்கிறாள். என் முடியையும் நான் வளர்த்துவிட்டேன். திரும்ப வெட்டிக்கொள்ள எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா! வெட்டினால் இந்தத் தடவை யாருக்காக என்று கேட்பார்களே.

இப்போது இன்னொரு வரன். கோவளத்தில் கடை வைத்திருக்கிற குடும்பம். பையனுக்கு அவளை அந்தக் குட்டை முடியோடுதான் பிடித்திருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வந்தார்கள். பயம் அத்தைக்குத்தான். பூ நழுவி விழுந்தால் சகுனம் ஆகாது, ஒரு சவுரி வேணும் என்று புலம்பிக்கொண்டே இருந்தார்.

இந்த முறை நான் அலமாரியைத் திறந்தேன். திறந்தவள் உண்மையையும் சேர்த்து எடுத்திருக்கவேண்டும் அல்லவா? பின்னலை ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய், ஊர் தள்ளி ஒரு கடையில் சவுரியாகக் கட்டி வாங்கி, காஞ்சிபுரத்தில் கிடைத்தது என்று கொண்டுவந்து கொடுத்தேன்.

பவானி கண்ணாடி முன்னால் உட்கார்ந்து அதை வைத்துப் பின்னிக்கொண்டாள். நுனியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள். நான் மருதாணி போட்டுப் போட்டுச் செம்பட்டை பாய்ந்த நுனி. முகர்ந்து பார்த்தாள்.

“அண்ணி, இது உங்க முடி.”

சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டது.

அவளே சொன்னாள். “கோயில்ல குடுக்குறதையெல்லாம் ஏலம் வுட்டு, சவுரிதானே கட்றாங்க. சாமி இத்த எனக்கே திருப்பி அனுப்பிகீது பாருங்க.”

அத்தை ஓடிவந்தார். கேட்டார். அந்தப் பின்னலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் தலையாட்டினேன்... ஆட்டினேன்!

பூ வைத்தார்கள். கோவளத்து அம்மா முல்லைச்சரத்தை இரண்டு ஊசி குத்தி இறுக்கமாக வைத்தார். விழவில்லை. எல்லோரும் பவானியின் முகத்தைப் பார்த்தார்கள். நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூ என் முடியில் இருந்தது.

ஆவணியில் கல்யாணம். முடிந்ததும் திருவிடந்தைக்குப் போய் அந்தக் காய்ந்த மாலையைச் சேர்த்துவிட்டு, அப்படியே திருப்போரூர் போகவேண்டுமாம். சவுரியைத் திரும்பக் கொடுக்கவேண்டுமாம். “உங்க கையாலயே குடுங்க அண்ணி. ரெண்டாவது தடவ குடுக்குற பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்?” என்கிறாள்.

அதுவரைக்கும் பத்திரமாக இருக்கட்டும் என்று, அதை என் அலமாரியில்தான் வைத்திருக்கிறாள்.