மூக்கறுந்த மஞ்சள் கத்தி

தார்ப்பாய்க்காரிக்கு ரசனை கிடையாது என்பது அந்தத் தெருவில் எப்போதோ தீர்ப்பாகிவிட்ட வழக்கு. சின்ன வயதில் கடை நிறையத் தொங்கிய கறுப்புக் குடைகளை விட்டுவிட்டுக் கிளிப்பச்சைக் குடை ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தவள் அவள். வீட்டு வாசல் கதவுக்கு ஆரஞ்சு வண்ணம் அடித்தபோது தபால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு, "தீப்பிடிச்சிருச்சோன்னு பதறிட்டேன்மா" என்றார்.

"பதறினாலும் நின்னீங்கல்ல? இனிமே எங்க வீட்டுத் தபாலைப் பக்கத்து வீட்டுல போட மாட்டீங்க."

இப்படித்தான். யார் என்ன சொன்னாலும் அவள் வண்ணத்தை ஒரு சொட்டுக்கூடக் குறைத்துக்கொண்டதில்லை.

வேலை லாரி நிறுத்தத்தில். கிழிந்த தார்ப்பாயைத் தரையில் விரித்து, அதன் நடுவில் உட்கார்ந்து, உள்ளங்கையில் தோல்பட்டை கட்டிக்கொண்டு, மெழுகு தடவிய நூலால் தைப்பாள். அது பாதி வேலைதான். மீதிப் பாதி உயரத்தில். சரக்கு ஏற்றிய லாரியின் உச்சிக்கு ஏறி, ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பழைய முடிச்சை அறுத்துப் புதுத் தார்ப்பாயைப் போர்த்த வேண்டும். கீழே நின்று அண்ணாந்து பார்க்கிற டிரைவர்கள், "அக்கா, பாத்து" என்பார்கள். "நீ வண்டியை நகத்தாம இரு, அது போதும்" என்பாள்.

அவள் கணவர் சாணைக்காரர். பகலெல்லாம் முன்னறையில் தையல்காரர்களின் கத்தரிக்கோலுக்கும் அடுக்களைக் கத்திகளுக்கும் சாணை பிடிப்பார். பொழுது சாய்ந்தால் பின்னறைக்குப் போய்விடுவார். அங்கே அவர் செய்வது மடக்குக் கத்திகள். கருங்காலிப் பிடி, முகம் பார்க்கலாம் போன்ற அலகு, மடக்கினால் கதவு சாத்தியதுபோல ஒரு மெல்லிய சத்தம். ஒவ்வோர் அலகின் அடியிலும் ஒரு குட்டி எறும்பு முத்திரை. பள்ளிக்கூடத்தில் அவருக்கு எறும்பு என்றுதான் பட்டப்பெயர். ஆள் அத்தனை சிறிது, எப்போதும் கையில் எதையாவது தூக்கிக்கொண்டு அலைவார். வைத்தவர்கள் கேலிக்கு வைத்தார்கள். அவர் அதையே முத்திரையாக்கிக்கொண்டார்.

அவரிடம் அவள் ஒரு கத்தி கேட்டாள். அவள் கேட்ட விதம்தான் வீட்டில் ரகளையானது.

"நுனி கூரா இருக்கக் கூடாதுங்க. கை வழுக்கினா தார்ப்பாயில ஓட்டை விழுந்துருது. மழுங்கலா வெட்டி விடுங்க."

"கத்திக்கு மூக்கை அறுக்கச் சொல்றியா?"

"அறுத்தா என்ன? அது என்ன மூச்சா விடப் போகுது? அப்புறம் பிடிகிட்ட பாதி அலகுக்கு ரம்பப் பல்லு வேணும், கயிறு அறுக்க. மீதிப் பாதி சாதா. அலகுல கட்டைவிரல் நுழையிற மாதிரி ஒரு ஓட்டை. ஒத்தக் கையால திறக்கணும்ல?"

"இன்னும் ஏதாவது பாக்கி இருக்கா?"

"பிடி மஞ்சள். பிளாஸ்டிக்."

சாணைக்காரர் அன்று முழுக்க அவளோடு பேசவில்லை. ஆனாலும் செய்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, அதற்குப் பல் வைத்தார். செய்து முடித்துக் கையில் கொடுத்தபோது அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எறும்பு எங்க?"

"மறந்துட்டேன். அலகைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில முக்குறதுக்கு முன்னாடியே அடிக்கணும். இப்ப இரும்பு முறுக்கேறிப் போச்சு. அடிச்சா அச்சுதான் உடையும்."

அவள் நம்பினாள். மனசுக்குள் ஒரு முள் இருந்தது. ஆனாலும் மறதி எல்லாருக்கும் உண்டுதானே என்று விட்டுவிட்டாள். மழைக்காலம் முழுக்க அந்தக் கத்தி அவள் இடுப்பில் இருந்தது. ஒருநாள் ஏதோ ஒரு லாரியின் உச்சியில் அதைத் தவறவிட்டாள். லாரி போய்விட்டது, கத்தியும் போய்விட்டது. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. "போனாப் போகட்டும்" என்று சாணைக்காரர் ஆறுதல் சொன்னார். அந்த ஆறுதலில் கொஞ்சம் நிம்மதி கலந்திருந்ததை அவள் கவனிக்கவில்லை.

அந்த ஊரில் மடக்குக் கத்திப் பிரியர்களுக்கு ஒரு மன்றம் இருந்தது. தலைவர் ஒரு பல் டாக்டர். நல்ல மனிதர், மெதுவாகப் பேசுவார், கத்தியைக் கையில் வாங்கினால் குழந்தையை வாங்குவதுபோல வாங்குவார். ஆண்டுக்கொரு முறை நூலகத்து மாடியில் மேசை போட்டுக் கத்திகளைப் பரப்புவார்கள். அந்த ஆண்டு சாணைக்காரருக்கு முதன்முறையாக முன்வரிசை மேசை கிடைத்திருந்தது. அதுவரை அவருடைய இடம் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில், சுவரோரம். மேசைத் துணி விரிக்கவும் கத்திகளைத் துடைத்து அடுக்கவும் அவளும் கூடப் போயிருந்தாள்.

அந்த மன்றத்தில் ஒரு வழக்கம். கூட்டம் முடிகிற நேரத்தில், அந்த ஆண்டில் யார் கண்ணிலாவது பட்ட மிக அசிங்கமான கத்தியை நடுவில் வைப்பார்கள். எல்லாரும் கை தூக்கினால் அது பிஸ்கட் ஜாடி ஒன்றுக்குள் போய்விடும், வெளியே வராது. செய்தவர் அந்தக் கூடத்திலேயே இருந்து, "என் வேலை" என்று ஒப்புக்கொண்டால் மட்டும் ஜாடிக்குப் போகாது. ஆனால் இதுவரை யாரும் ஒப்புக்கொண்டதில்லை. யார் ஒப்புக்கொள்வார்கள்?

டாக்டர் கைக்குட்டையைப் பிரித்தார். "என்கிட்ட பல்லு பிடுங்க வந்த ஒரு லாரி டிரைவர் கொடுத்தது. தார்ப்பாய் மடிப்புல கிடந்துச்சாம்."

மஞ்சள் பளிச்சென்று அடித்தது. கூடமே சிரித்தது. கடிகாரம் பழுது பார்க்கிற ஒருவர் கண்ணைப் பொத்திக்கொண்டார். "ஐயோ, மூக்கறுந்த மூதேவி! யார் பெத்த பிள்ளை இது?"

தார்ப்பாய்க்காரிக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது. தொலைந்தது கிடைத்துவிட்டதே! "என்னங்க, நம்ம கத்தி" என்று திரும்பினாள். சாணைக்காரரும் சிரித்துக்கொண்டிருந்தார். மற்றவர்களைவிட அரை நொடி பிந்தி, மற்றவர்களைவிடச் சற்று உரக்க. அவளைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு முகத்திலேயே செத்தது.

எறும்பு ஏன் இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. மறதி இல்லை. வெட்கம்.

அவள் எழுந்து நடுவுக்குப் போனாள். "டாக்டர், அது என்னோடது. கொடுங்க."

டாக்டர் தடுமாறிப்போனார். "மன்னிக்கணும்மா. உங்களை நோகடிக்கச் சொல்லல."

"நோகல. ஏன் பிடிக்கலைன்னு சொல்லுங்க, கேக்குறேன்."

அவர் ஒளிக்காமல் சொன்னார். பாதிப் பல், பாதிக் கூர் என்றால் இரண்டுமே அரைகுறை. பல்லை வீட்டில் தீட்ட முடியாது. மூக்கை அறுத்ததில் அலகின் வளைவு பாதியிலேயே நின்றுவிட்டது. ஓட்டை வேறு. "நான் நாள் முழுக்க அடுத்தவங்க வாய்க்குள்ள கருவியை விட்டுட்டு இருக்கிறவன். சாயங்காலம் ஒரு கத்தியைத் திறந்தா அது எதுக்குமே உதவ வேண்டாம். சும்மா அழகா இருந்தா போதும். அதான் என் ரசனை."

"பல் டாக்டருக்கே பல்லு பிடிக்கலையா?" என்றாள். டாக்டரே சிரித்துவிட்டார். "பல்லைப் பாத்துப் பாத்துச் சலிச்சுப் போச்சும்மா. ஆனா ஒண்ணு, வேலைக்கு இது நல்ல சாமான்தான். அதை ஒத்துக்கிறேன். அழகுன்னு மட்டும் சொல்லாதீங்க."

அங்கேயே அவள் தலையாட்டிவிட்டு வந்திருக்கலாம். மரியாதையான வழி அது. கத்தியும் கிடைத்திருக்கும், சாணைக்காரரின் மேசையும் தப்பியிருக்கும்.

"அழகுன்னுதான் சொல்வேன்" என்றாள். "வேலைக்கு உதவுதுன்னு ஏன் மன்னிப்புக் கேக்கணும்? எனக்கு இந்த மஞ்சள் பிடிக்கும். இந்த மூக்கு பிடிக்கும். உச்சியில நின்னு திறக்கும்போது எனக்கே கெத்தா இருக்கும். உங்க கருங்காலிக் கத்தியைப் பாத்தா எனக்குச் சாவு வீட்டு அலமாரி ஞாபகம் வருது. அதுக்காக அதை ஜாடிக்குள்ள போடச் சொன்னேனா?"

"கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை" என்று கடிகாரக்காரர் முணுமுணுத்தார்.

"தெரியாதுங்க. கழுதைக்குப் புல்லு வாசனை பிடிக்கும். கற்பூரம் வேணும்னு அது உங்க வீட்டு வாசல்ல வந்து நின்னுச்சா?"

சிரிப்பு இந்த முறை வேறு பக்கம் திரும்பியது. அவள் அதற்குக் காத்திருக்கவில்லை. கணவரைப் பார்த்தாள். குரல் தாழ்ந்தது, ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"இவளுக்கு ரசனையே இல்லைன்னு ஊரே சொல்லுச்சுங்க, உங்களைக் கட்டிக்கிறேன்னு சொன்னப்ப. குள்ளம், மூஞ்சி முழுக்க அம்மைத் தழும்பு, இவன்கிட்ட என்னத்தைடி கண்டேன்னு எங்க அக்காவே கேட்டா. நான் சிரிச்சுட்டுச் சும்மா இருந்தேனா?"

கை கழுவும் தொட்டியில் குழாய் சொட்டுகிற சத்தம் கேட்டது. சாணைக்காரர் எழுந்தார். எழுந்தபோதும் மேசைக்கு மேலே கொஞ்சம்தான் தெரிந்தார்.

"என் வேலைதான்" என்றார். "பொறந்த அன்னைக்கே நான் பேர் வைக்காம விட்டுட்டேன்."

யாரும் எதுவும் சொல்லும் முன்னால் அவரே முன்வரிசை மேசையின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை அவள் பிடித்தாள். இரண்டு பேரும் அதைச் சுவரோரம், தொட்டிப் பக்கத்துப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் வைத்தார்கள். கருங்காலிக் கத்திகளுக்கு நடுவில் மஞ்சளை வைத்தாள். டாக்டர் வந்து பார்த்தார். "எனக்கு இப்பவும் பிடிக்கலம்மா."

"வேண்டாம் டாக்டர். எனக்குப் பிடிச்சிருக்கே."

அவர் ஜாடியை மூடி அலமாரியில் ஏற்றினார். அந்த ஆண்டு அதற்குள் எதுவும் விழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சாணைக்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்னறைக்குப் போனார். அலகில்தானே அடிக்க முடியாது? எறும்பு அச்சை அடுப்பில் காட்டிப் பழுக்க வைத்து, மஞ்சள் பிடியில் அழுத்தினார். புகை குப்பென்று வந்தது. பிளாஸ்டிக் இளகி, கால்கள் ஒட்டிக்கொண்டு, எறும்பு உப்பிப்போய்விட்டது.

"அடச்சே. வண்டு மாதிரி ஆயிருச்சு."

அவள் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கட்டைவிரலால் அந்தப் பள்ளத்தைத் தடவினாள். "வயிறு நிறையச் சாப்பிட்ட எறும்பு. நல்லாத்தான் இருக்கு."

"அடுத்ததுல முதல்லயே அடிச்சிடுறேன். அலகுலயே." சற்று நின்று, அடக்க முடியாமல் கேட்டார். "அதுவும் மஞ்சள்தானா?"

"சே, ஒரே வண்ணமா?" என்றாள் அவள். "ரோஸ் போடுங்க. நல்லா அடிக்கிற ரோஸ்."