வீரராகவன் எழுதாத கட்டுரைகள்

போன வாரம் ஒரு போன். இளம் பெண் குரல். சென்னையில் தோல் மருத்துவத்தில் மேற்படிப்பு படிக்கிறாளாம். அந்தக் காலத்தில் திருச்சிப் பக்கம் இந்தத் துறையில் வேலை பார்த்தவர்களைப் பற்றி ஒரு மலர் போடுகிறார்களாம்.

"மேடம், டாக்டர் முகுந்தன் நிறைய ஆராய்ச்சிக் கட்டுரை எழுதினார்னு எல்லாரும் சொல்றாங்க. லைப்ரரில ரெண்டு நாளா பழைய இன்டெக்ஸ் வால்யூமெல்லாம் புரட்டிட்டேன். அவர் பேர்ல ஒண்ணுகூட இல்லை. நீங்கதான் அவருக்கு டைப் அடிச்சீங்களாமே... அவர் நிஜமாவே எழுதினாரா?"

எனக்குச் சிரிப்பு வந்தது.

"வீரராகவன்னு தேடிப் பாரும்மா" என்றேன்.

மறுநாள் மறுபடி போன். உற்சாகம் தாங்கவில்லை அவளுக்கு. "மேடம், வரிசையா இருக்கு! லண்டன், பம்பாய்னு... யாரு மேடம் இந்த வீரராகவன்?"

"அவரோட அப்பா."

"அவரும் ஸ்கின் டாக்டரா?"

"இல்லம்மா. ஸ்ரீரங்கம் கோயில் கோஷ்டியில பிரபந்தம் சொல்றவர்."

பாவம், அவள் மலரில் எதைப் போடுவாள்? அவளிடம் சொன்னதை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருடமாக வாராவாரம் என்னைப் படிக்கிறீர்கள். நான் செய்த தப்பை உங்களிடம் மறைப்பானேன்?

ஐம்பதுகளின் கடைசி. எனக்கு இருபத்தொரு வயது, பாலக்கரையில் வீடு. தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் வேலை. காலையில் படிக்க வருகிறவர்களுக்கு விரல் பழக்குவேன். மதியத்துக்கு மேல் வெளியாட்கள் கொண்டுவரும் மனு, பத்திரம் எல்லாம் அடித்துக் கொடுப்பேன். அப்படி ஒரு மதியம்தான் டாக்டர் முகுந்தன் வந்தார். நெற்றியில் மெல்லிசாக ஸ்ரீசூர்ணக் கோடு, கையில் நீல மசியில் எழுதிய இருபது தாள்.

"ஸ்பெல்லிங் மட்டும் பார்த்துக்கோங்கோ. கொஞ்சம் படுத்தும்" என்றார்.

படுத்தியது! சந்தேகத்துக்கு டிக்‌ஷனரியைப் புரட்டினேனா... ஸ்பெல்லிங்கோடு அர்த்தமும் போட்டிருந்தது. காது வரைக்கும் சூடாகிவிட்டது. டாக்டர் பெரிய ஆஸ்பத்திரியில் தோல் வியாதிகளைப் பார்ப்பவர். கூடவே, ஊரில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத மேக நோய்களையும் (இப்போது பால்வினை நோய் என்கிறோமே, அதுதான்) பார்ப்பவர். அது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்தச் சனிக்கிழமை மாதா கோயிலுக்குப் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய், செய்த பாவத்தைச் சொல்ல முழங்கால் போட்டேன்.

"சாமி, அசிங்கமான வார்த்தையெல்லாம் டைப் அடிச்சிட்டேன்."

"எத்தனை தடவை?"

"ஒரிஜினல் ஒண்ணு, கார்பன் காப்பி மூணு, சாமி."

உள்ளேயிருந்து கொஞ்ச நேரம் இருமல் மட்டும் வந்தது. பிறகு, "அது வைத்தியம்மா. தைரியமா அடி" என்றார் பாதிரியார். அடித்தேன். வருடக்கணக்கில் அடித்தேன்.

காதலா என்று ஆரம்பிக்காதீர்கள். அவருக்கு மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். எனக்கு அவர்மேல் இருந்தது வேறு. இந்த மனுஷன் ஒரு நாளாவது நிறைந்த மனசோடு வீட்டுக்குப் போக வேண்டுமே என்ற ஏக்கம். ஏன் என்று சொல்கிறேன்.

அவருடைய பிரிவு ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இருந்தது. வாசலில் போர்டு கிடையாது, ஒரு நம்பர் மட்டும். பொன்மலை ஒர்க்‌ஷாப்காரர் வருவார், மண்ணச்சநல்லூர் ரைஸ்மில்காரர் வருவார். மூன்று தெரு தள்ளி இருப்பவர், புதுக்கோட்டையிலிருந்து வருகிறேன் என்பார். ஒருவராவது சொந்தப் பெயரைச் சொல்ல வேண்டுமே! "முத்துசாமி... முத்துசாமி..." என்று கம்பவுண்டர் கத்துவார். யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். காலையில் தான் சொன்ன பெயர் முத்துசாமி என்பது அந்த ஆளுக்கே மறந்து போயிருக்கும்.

பென்சிலின் வந்துவிட்ட காலம். மருந்தால் தீரக்கூடிய நோய் வெட்கத்தால் தீராமல் போகிறது, புருஷனுக்குப் பார்த்தால் போதாது, பெண்டாட்டியையும் அழைத்து வந்து பார்க்க வேண்டும். டாக்டர் எழுதியதெல்லாம் சுற்றிச்சுற்றி இதைத்தான். ஊசி போட்டு முடிந்ததும் நோயாளியின் தோளைத் தொட்டுத்தான் அனுப்புவார். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று வீட்டிலேயே தட்டு, டம்ளரைத் தனியாக வைத்துவிட்ட மனிதர்கள் அவர்கள்.

ஸ்ரீரங்கத்தில் அதே கதி டாக்டருக்கு.

அவர் இந்தப் பிரிவில் சேர்ந்த விஷயம் தெரிந்த அன்று கோஷ்டியில் யாரோ கேலியாக ஏதோ கேட்டுவிட்டார்களாம். அப்பா வீட்டுக்கு வந்தார். "லோகத்துல ஆயிரம் வியாதி இருக்கு. நோக்கு இதுதான் கெடைச்சுதா?" என்றார். பிள்ளையோடு அவர் பேசிய கடைசி வாக்கியம் அது. அதற்கப்புறம் வருடக்கணக்காக மௌனம். ஒரே வீடு, உத்திர வீதியில். பிள்ளை எதிரே நிற்கும்போதே மருமகளிடம் சொல்வாராம், "மழை வரும்போல இருக்கு, அவனைக் குடை எடுத்துண்டு போகச் சொல்லு" என்று. டாக்டரும் மனைவியைப் பார்த்தே, "எடுத்துண்டாச்சுன்னு சொல்லு" என்பாராம். இதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். சொல்லிவிட்டு, திருத்திக்கொண்டிருந்த தாளைக் கீழே வைத்தார்.

"முகுந்தான்னு ஒரு தடவை... பேர் சொல்லி... போதும் அமலா."

அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். பட்டமோ பதவியோ இல்லை.

இந்த நேரத்தில்தான் லண்டன் பத்திரிகை ஒன்று கட்டுரையை ஏற்றுக்கொண்டு ஒரு ஃபாரம் அனுப்பியது. முதல் கட்டம் குடும்பப் பெயர், அடுத்த கட்டம் சொந்தப் பெயர். நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஒரே ஒரு இனிஷியலுக்குள் அப்பாவை மடித்து வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிற ஜனம் நாம். நான் அடித்துப் பழகிய மனுவிலெல்லாம் பெயருக்குப் பக்கத்தில் தகப்பனார் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். குடும்பம் என்றால் அப்பாதானே? டாக்டரின் இனிஷியலான 'வி'யை விரித்து 'வீரராகவன்' என்று அழகாக அடித்தேன். அடுத்த கட்டத்தில் 'முகுந்தன்'. வார்டுக்குப் போகிற அவசரத்தில் டாக்டர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

மாதங்கள் கழித்துப் பத்திரிகை வந்தது. கட்டுரையின் தலைக்கு மேலே பெயர் — எம். வீரராகவன்!

வெள்ளைக்காரனுக்குக் குடும்பப் பெயர்தான் பெயர், சொந்தப் பெயர் வெறும் இனிஷியல் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. டாக்டரின் பெயர் ஒற்றை எழுத்தாகச் சுருங்கிவிட்டது. அவர் பாடுபட்டதெல்லாம் அவரோடு பேசாத அப்பா பெயரில் போய் உட்கார்ந்துவிட்டது. அதுவும் எந்த நோயைப் பற்றிய கட்டுரையில்! நான் மெஷின் முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

டாக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். "நம்ம ஓ.பி.ல யாரு சொந்தப் பேர் சொல்றா? நான் மட்டும் சொல்லணுமா?"

பெயரைத் திருத்தச் சொல்லி அன்றே ஒரு கடிதம் அடித்துக் கொடுத்தேன். சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அது லண்டனுக்குப் போகவே இல்லை. அடுத்த கட்டுரைக்கு அவர் கையாலேயே 'எம். வீரராகவன்' என்று எழுதிக்கொண்டு வந்தார்.

"இது எதுக்கு டாக்டர்? என் தப்பை நீங்களும் செய்யணுமா?"

"அவர் என்னைக் கூப்பிட மாட்டேங்கறார் அமலா. நானாவது அவரைக் கூப்பிட்டுண்டு இருக்கேனே."

நான் தாளை மெஷினில் செருகினேன்.

கட்டுரை அச்சானால் அதன் பிரதிகளை மட்டும் தனியாகக் கட்டி, எழுதியவர் வீட்டுக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்புவார்கள். அந்தக் கட்டு ஒரு நாள் உத்திர வீதிக்குப் போனது. வாசலில் தபால்காரர், "வீரராகவன் யாருங்க?" என்றிருக்கிறார். தனக்கு வந்த தபால் என்று நினைத்து அப்பாவும் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டார். அவர் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். பிரித்தால் படிக்கத் தெரியும்.

மறுநாள் டாக்டர் பேயறைந்த மாதிரி வந்து நின்றார். "அப்பா பார்த்துட்டார்."

"திட்டினாரா?"

"திட்டினாத்தான் தேவலையே! கட்டை என் மேஜையில வெச்சிருந்தார். அவ்ளோதான்."

ஆனால் ஒரு விஷயம். அந்தப் பிரதிகளில் தாள்களின் ஓரம் வெட்டாமல் மடிந்தே இருக்கும், கத்தியால் கீறித்தான் படிக்க வேண்டும். மேலே இருந்த ஒரு பிரதியின் ஓரங்கள் மட்டும், முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை சுத்தமாகக் கீறப்பட்டிருந்தன. டாக்டர் அதை என்னிடம் கொண்டுவந்து காட்டினார். தடவித் தடவிக் காட்டினார். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு கட்டையும் அப்பாவே கையெழுத்துப் போட்டு வாங்கினார். ஒவ்வொன்றிலும் ஒரு பிரதி கீறியிருந்தது. பேச்சு மட்டும் இல்லை.

இப்படியும் இருப்பார்களா என்று கேட்கிறீர்களா? நம் அப்பாக்களில் பாதிப் பேர் இப்படித்தான். பிள்ளை எழுதியதைப் படிப்பார்கள். படித்தேன் என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

அறுபதுகளின் நடுவில் நான் பரீட்சை எழுதி அதே ஆஸ்பத்திரியில் குமாஸ்தாவாகச் சேர்ந்திருந்தேன். அட்மிஷன் மேஜை. ஒரு நாள் காலையில், மூச்சு வாங்க வாங்க ஒரு பெரியவரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து என் எதிரே உட்கார வைத்தார்கள். பன்னிரண்டு திருமண், பஞ்சகச்சம். இரண்டடி பின்னால், அவருடைய துணிப்பையைப் பிடித்துக்கொண்டு டாக்டர் முகுந்தன். அவ்வளவு பெரிய டாக்டர், பள்ளிக்கூடத்தில் சேர வந்த பையன் மாதிரி நின்றார்.

எனக்குத் தெரியாத பெயரா? எத்தனை தடவை அடித்த பெயர்! ஆனாலும் நினைவோடு இருக்கும் நோயாளியின் வாயாலேயே கேட்டு எழுத வேண்டும் என்பது அந்த மேஜையின் சட்டம். பேனாவைத் திறந்தேன்.

"ஐயா, உங்க பேரு?"

பெரியவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். மூச்சைச் சேர்த்துக்கொண்டு, கோஷ்டியில் சொல்லிப் பழகிய கணீர்க் குரலில் சொன்னார்.

"டாக்டர் முகுந்தனோட தோப்பனார்."

ஹாலில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு எழுத ஓடவில்லை. ஃபாரத்தைச் சரிபார்க்க வருவது போல் டாக்டர் மேஜையைச் சுற்றி என் பக்கம் வந்து குனிந்தார். கண் நிறைந்திருந்தது. என் காதருகே மெதுவாகக் கெஞ்சினார்.

"அமலா... காதுல விழலைன்னு சொல்லி, இன்னொரு தடவை கேளுங்கோளேன்."

நான் மூன்று தடவை கேட்டேன்.